ருக்குவின் இடது காது

கசார்வாடி
6 ஜூலை 2025

அன்புள்ள ருக்கு,

நான் ஜம்பு. இதை எழுதுவது நானேதான். உட்கார்ந்துகொண்டு படி.

மேலே உள்ள வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆறின டீயைக் குடித்துவிட்டுத் தொடர்கிறேன். போன கார்த்திகையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஜனைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். கோவில் மண்டபத்தில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்வரிசையில் சுவரோரம் என் இடம். நன்றாக வந்த பிறகு உன்னிடம் காட்டலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய்.

இந்த ஊரில் படிப்பதற்குத் தமிழ் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கடைப் பலகை எல்லாம் மராத்தி. அப்பளப் பாக்கெட்டைப் படித்தேன். காலண்டரில் ராசிபலன் படித்தேன். எனக்கு இந்த வாரம் தடங்கலாம், உனக்கு லாபமாம். அரிசி மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், அதில் நிறைய எழுதியிருக்கிறது. நம் வீட்டுக்குள் இவ்வளவு எழுத்து இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, காவ்யா வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

எனக்கு முதலிலிருந்து எழுதினால்தான் வருகிறது. நடுவில் தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

காவ்யாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனாய். ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஜிமிக்கி மாட்டிக்கொண்டு இடது காது அறுந்தது. வலது காதுத் துளையும் ஏற்கெனவே இறங்கிப்போயிருந்தது. ஐப்பசியில் என் எழுபதாம் வயதுக் கல்யாணத்துக்குப் புதுத் தோடு போட்டுக்கொண்டு மணையில் உட்கார வேண்டும் என்று சொல்லி, தை மாதம் இரண்டு காதையும் தைத்துக்கொண்டாய். மூன்று மாதம் காதில் எதுவும் போடக்கூடாது என்றார் டாக்டரம்மா. வலது காது கொஞ்சம் கோணினாலும் தேறிவிட்டது. இடது காது சீழ் பிடித்து, தழும்பு கொட்டையாகப் புடைத்துக்கொண்டது. ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று நீ சொன்னாய். நான் நம்பி க்ளினிக்கில் போய்க் கத்தினேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. தையல் ஆறும் முன்பே யாரோ அதில் எதையோ சொருகியிருக்கிறார்கள், வீட்டில் கேளுங்கள் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். வேப்பங்குச்சி என்று நீ சொன்னதும், காவ்யாவும் மாப்பிள்ளையும் இருக்கும்போதே, "வேப்பங்குச்சி டாக்டர் வராங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று சாயங்காலமே நீ வானவடிக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

கொட்டை இப்போது மொச்சை அளவு இருக்கிறது, இடது பக்கம் படுக்க முடியவில்லை என்று காவ்யா சொன்னாள். இன்னொரு தடவை டாக்டரம்மாவிடம் காட்டிச் சரிசெய்துகொள்கிறாயா? பதில் போடு. பெரிய எழுத்தாக எழுது, மெதுவாகப் படிப்பேன்.

ஜம்பு


வானவடி
11 ஜூலை 2025

என்னங்க,

கடிதம் வந்தது. யாரை வைத்து எழுதினீர்கள்? எழுத்து ஒவ்வொன்றும் தட்டில் வைத்த இட்லி மாதிரி தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஆறின டீ என்பது உங்கள் பேச்சு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நம்ப முடியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பேர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டவர் நீங்கள். எழுதியது நீங்கள்தான் என்றால், நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பார்க்கலாம்.

குச்சி சொருகியதைச் சொல்லிச் சிரித்தீர்கள். எதற்குச் சொருகினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாசி மாதம் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. மாப்பிள்ளை கேஷவ் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். உங்களை உள்ளே வைத்துக்கொண்டு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு வைஜயந்தி பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தாள். ஊற்றிக் கொடுத்துவிட்டு என் காதையே பார்த்தாள். "கட்டினவரு உள்ள கிடக்கிறாரு. நீ இப்படி மூளியா உக்காந்திருக்கியேடி" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் பயந்துபோயிருந்தாள். ஆனால் அது எனக்குள் போய்விட்டது. துணி மாற்ற வீட்டுக்கு வந்தவள், கோவில் மரத்தில் வேப்பங்குச்சி ஒடித்து, பிள்ளைகளுக்குக் காது குத்தினால் வைப்போமே அதே மாதிரி, தையல் பிரித்த இடத்திலேயே ஏற்றினேன். எவ்வளவு வலித்தது என்று எழுத மாட்டேன்.

மறுநாள் வெறும் வாயுதான் என்று உங்களை அனுப்பிவிட்டார்கள். நீங்கள் வந்து தயிர்சாதம் சாப்பிட்டீர்கள். அப்புறம் நான் எப்படி அந்தக் குச்சியை எடுப்பேன்? சீழ் வரும்வரை முடியால் மூடிவைத்திருந்தேன். டாக்டரம்மா மேல் பழி போட்டது பாவம்தான்.

திரும்ப அறுத்தால் திரும்ப வெறும் காது. என்னால் முடியாது. எழுபதாம் கல்யாணமும் வேண்டாம் என்று காவ்யாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கொட்டையோடு சபையில் உட்கார மாட்டேன். மூளியாகவும் உட்கார மாட்டேன்.

மாடித் தண்ணீர் மோட்டாரை மறக்காமல் அணையுங்கள். துவரம்பருப்பு டப்பா சிவப்பு மூடி போட்டது.

ருக்மிணி


கசார்வாடி
19 ஜூலை 2025

அன்புள்ள ருக்கு,

நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது: கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ரேஷன் கடைக்குப் போய் வழி தெரியாமல், ரயில்வே கேட் பக்கத்தில் மண்ணெண்ணெய் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பட்டறையிலிருந்து வரும் வழியில் பார்த்தேன். யாராவது கேட்டால் ரயில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லச் சொன்னாய். இன்றுவரை அப்படித்தான் சொல்லி வருகிறேன். இப்போது நம்புகிறாயா?

உன் கடிதத்தைப் படிக்க ஒரு மத்தியானம் ஆனது. மழை கொட்டியதால் யாரும் வந்து தொந்தரவு செய்யவில்லை. குச்சி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படித்தேன்.

எனக்குத் தெரியாது ருக்கு. தயிர்சாதம் சாப்பிடும்போது நீ எதிரேதான் உட்கார்ந்திருந்தாய். என்றைக்கும் கொண்டை போடுகிறவள் அன்று முடியை முன்னால் விட்டிருந்தாய். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். என் இந்தி உனக்குத் தெரியும். இருந்தாலும் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். குச்சி எதற்கு வந்தது என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். தன் மாமியாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்றார். உன்னை அழைத்து வரச் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில் கொட்டைக்குள் ஊசி போட்டு அதை இளக்க வேண்டும். பிறகு அறுத்து எடுத்துவிட்டு, காதைத் திரும்பச் சரியாகத் தைக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஊசி உண்டு. மறுபடி வளராது என்று உறுதி தர மாட்டாராம். உன் தோல் அப்படிப்பட்டதாம். இன்னொன்றும் சொன்னார். அதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். உனக்குப் பிடித்ததை மட்டும் எழுதவா இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டேன்? இடது காதில் இனித் துளையே போடாமல் இருப்பது நல்லது என்கிறார். மூன்று மாதத்துக்கு மட்டும் இல்லை, எப்போதுமே.

அந்த நெஞ்சு வலிக்குக் காரணம் ஸ்டேஷன் வாசலில் நான் உனக்குத் தெரியாமல் தின்ற வடாபாவ். என் உயிர் உன் காதில் தொங்கவில்லை, ருக்கு.

பருப்பு டப்பா கிடைத்தது. மூடியின் மேல் நீ 'துவரை' என்று எழுதி ஒட்டியிருப்பதையும் படித்தேன். யாருக்காக எழுதி ஒட்டினாய்? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. உனக்காகவா?

ஜம்பு


வானவடி
3 ஆகஸ்ட் 2025

என்னங்க,

ரயில் கதையைப் படித்துவிட்டு நான் சிரித்ததில் காவ்யா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். கடிதத்தைக் காட்டவில்லை. நம்புகிறேன், நீங்கள்தான்.

ஆனால் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. காவ்யா சொன்னாள். வைஜயந்தியாமே. என்னை மூளி என்று சொன்னவளிடம் போய் நீங்கள் உட்கார்ந்து எழுத்துப் பழகியிருக்கிறீர்கள். எனக்கு அன்று முழுதும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

காவ்யா விடாமல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். நான் கும்பிட்டேன், அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். முதல் ஊசி போட்டாயிற்று. கடுகைத் தாளித்துக் காதுக்குள் கொட்டின மாதிரி இருந்தது. இரண்டு நாளில் அரிப்பு குறைந்திருக்கிறது, அது உண்மை. இன்னும் ஊசி போட்ட பிறகு, புரட்டாசிக் கடைசியில் அறுத்துவிடலாம், இளகியிருக்கும்போதே செய்வதுதான் நல்லது, தள்ளிப்போட்டால் திரும்ப இறுகிவிடும் என்கிறார். ஐப்பசியில் உங்கள் நட்சத்திரம் வரும்போது காதில் கட்டு இருக்கும். வலது காதையும் நேர்செய்கிறேன் என்கிறார். அப்படியானால் இரண்டும் காலி.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். தை மாதம் கட்டுப் பிரித்து வெறும் காதோடு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. டிவியைப் பார்த்தீர்கள். அது அணைந்திருந்தது. சாப்பாடு போட்டபோதும் தட்டைப் பார்த்தே பேசினீர்கள். வைஜயந்தி வாயால் சொன்னதை நீங்கள் அன்றைக்கே கண்ணால் சொல்லிவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். உயிர் காதில் தொங்கவில்லை என்று எழுதுவது சுலபம். பார்க்க முடியவில்லையே உங்களால்.

சாகும்வரை இந்தக் காது காலி என்றால், சாகும்வரை நீங்கள் டிவியைப் பார்ப்பீர்களா?

ருக்மிணி


கசார்வாடி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ருக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். எழுத்து தெரியாமல் கிழிக்கவில்லை. கூச்சமாக இருந்தது.

நீ கேட்டது உண்மை. தை மாதம் உன்னை நான் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் நீ நினைத்த காரணம் இல்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் தோடு போட்டிருந்தாய். கல்யாணத்தன்றும், அதற்கப்புறம் தூங்கும்போதும், குளிக்கும்போதும், காவ்யா பிறந்தபோதும் போட்டிருந்தாய். தோடே இல்லாத உன் முகத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அன்று நீ வாசலில் வந்து நின்றபோது யாரோ சின்ன வயசுப் பெண் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. கழுத்து நீளமாகத் தெரிந்தது. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியாது. காவ்யா பக்கத்தில் நிற்கிறாள். இந்த வயதில் பெண்டாட்டியை வாயைப் பிளந்து பார்க்கிறான் கிழவன் என்று நினைத்துவிடுவாளோ என்றுதான் டிவியைப் பார்த்தேன். அணைந்திருந்தது என்று நீ சொல்லித்தான் தெரிகிறது.

இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. எழுதக் கற்றது நல்லதாயிற்று.

குருக்களிடம் போய்க் கேட்டேன், காதில் தோடு இல்லாமல் மணையில் உட்காரலாமா என்று. அவர் பூக்கூடையைத் துழாவிக்கொண்டே, "எனக்குத் தாலி வேணும், மாலை வேணும், நீங்க ரெண்டு பேரும் வேணும். காது தட்டார் கவலைப்பட வேண்டிய விஷயம்" என்றார்.

அதற்கப்புறம் வைஜயந்தியிடம் போனேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உன் குச்சியைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது என்று அவருக்கு இதுவரை தெரியாது. சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.  பிறகு சொன்னார்:

"நான் ஒரு நாள்கூடக் கழட்டினதில்லண்ணா. எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணப்போ நர்ஸ்கிட்ட சண்டை போட்டு, தோட்டுக்கு மேல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் உள்ள போனேன். அவரு கொரோனால கிடந்தப்போ திருகாணி கழண்டுடப் போகுதுன்னு காதைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அவரு போய்ட்டாரு. தோடு இதோ இருக்குது."

அதைச் சொல்லும்போதும் கை காதில்தான் இருந்தது. ருக்குவை நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் உன்னை ஆபரேஷன் செய்துகொள் என்று சொல்லவில்லை. ஊசியும் தையலும் உனக்குத்தான். கொட்டையோடு வந்தாலும் சரி, கட்டோடு வந்தாலும் சரி, வந்தால் போதும். ஒன்று மட்டும். நம் வீட்டில் நீ சுவரோரம் படுப்பாய். இடது பக்கம் திரும்பினால்தான் என் பக்கம். கொட்டை வந்ததிலிருந்து நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தாய். அதற்கும் நான் காரணம் கேட்கவில்லை.

ஜம்பு


வானவடி
12 செப்டம்பர் 2025

என்னங்க,

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. மச்சம் இருப்பது எனக்கும் தெரியாது. காவ்யாவை போனில் படம் எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். டாக்டருக்கு என்றேன்.

வைஜயந்தி வந்துபோனாள். நீங்கள் சொல்லும் முன்பே பஸ் பிடித்து வந்துவிட்டாள். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தாள். என் காதைப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டு விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப வலிச்சிருக்குமேடி" என்றாள். அந்தக் குச்சி வலித்ததா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு முறுக்கு தின்றோம்.

அன்றைக்கே கண்ணாடி முன்னால் முடியை முழுதும் பின்னால் வாரிக் கொண்டை போட்டேன். மாப்பிள்ளை சாப்பிட வந்தார், பார்த்தார், சாம்பார் கேட்டார். கீழே காய்க்காரரிடம் போனேன். அவர் கொத்தமல்லி வேண்டுமா என்று கேட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது.

புரட்டாசிக் கடைசி வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார் டாக்டரம்மா. சரி என்று சொல்லிவிட்டேன். விசேஷம் முடியட்டும் என்று காவ்யா சொல்லிப் பார்த்தாள். விசேஷம் முடிந்தால் என் பயம் வேறு ஒரு விசேஷத்தைத் தேடிக்கொள்ளும். எனக்கு என்னைத் தெரியும். இடது காதில் இனித் துளை வேண்டாம் என்பதற்கும் சரி என்றேன். வலது காதிலும் வேண்டாம், ஒன்றில் போட்டு ஒன்றில் போடாமல் என்ன அழகு? திரும்ப வளர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம். வளர்ந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை.

எழுபதாம் கல்யாணம் உங்கள் நட்சத்திரத்தன்றே நடக்கட்டும். குருக்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு காதிலும் கட்டோடு வருவேன். யாராவது ஏதாவது சொன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாலை மாற்றும்போதுதான் பயம். ரோஜா மாலை கனமாக இருக்கும், நாரும் குத்தும். தையல் புதிதாக இருக்கும். பூக்காரரிடம் சொல்லி அகலமாகக் கட்டச் சொல்லுங்கள். போடும்போது அவசரப்படாதீர்கள். நன்றாக விரித்துத் தலைக்கு மேலே கொண்டுபோய், இரண்டு பக்கமும் காதில் படாமல் தோளில் இறக்க வேண்டும். உங்களுக்குக் கை நடுங்கும். இப்போதிருந்தே பழகுங்கள்.

வருகிற வியாழக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போங்கள். ஆபரேஷனுக்கு நம் வீட்டிலிருந்தே போகிறேன். ஆட்டோவில் வாருங்கள், ஹெல்மெட் வேண்டாம்.

ருக்கு


கசார்வாடி
16 செப்டம்பர் 2025

அன்புள்ள ருக்கு,

வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிடுவேன். இந்தக் கடிதம் வந்து சேரும் முன்பே நான் வந்து சேர்ந்துவிடுவேனோ என்னவோ. அப்படியானால் கடிதம் வந்தபின் காவ்யாவைக் கொண்டுவந்து தரச் சொல்லி, நம் வீட்டிலேயே உட்கார்ந்து படி. நான் பக்கத்தில் இருப்பேன். ஆனாலும் எழுத வேண்டும் போல் இருக்கிறது.

பெரிய துண்டை முறுக்கி, இரண்டு முனையையும் முடிந்து மாலையாக்கிவிட்டேன். இட்லிக் குண்டானை மேசை மேல் உன் உயரத்துக்கு ஏற்றிவைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் படக்கூடாது. முதல் நாள் நான்கு பக்கமும் பட்டது. குண்டானே ஒரு தடவை கீழே விழுந்து, வைஜயந்தி என்ன சத்தம் என்று ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைக் காதுப்பக்கம் கொண்டுபோகாமல் உச்சந்தலைக்கு நேரே பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

இன்று காலை விரித்துப் பிடித்தேன். மேலே கொண்டுபோனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கினேன்.

எங்கேயும் படவில்லை, ருக்கு.

உன்
ஜம்பு